துரைக்குத் தூக்கம் வரவில்லை

காலை பதினொரு மணிக்கு பேக்கரி மாஸ்டரின் முகத்தில் பொத்தென்று ஒரு பாதம் விழுந்தது. அவர் அலறியடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் துரை காதை விறைத்துக்கொண்டு அவரையே முறைத்துப் பார்த்தபடி நின்றது. படுத்ததிலிருந்து இது ஐந்தாவது தடவை.

"உனக்கு என்னதான்டா வேணும்?"

துரை ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அவர் காலடியில் போய்ப் படுத்தது. கண்ணை மட்டும் மூடவில்லை.

மாஸ்டர் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவி, 'பதினொன்று ஐந்து, விழித்திருக்கிறது' என்று எழுதினார். துரையின் தலையெழுத்தே அந்தத் தாளில்தான் இருந்தது.

துரை காப்பகத்திலிருந்து வந்த நாய். வந்த அன்றே வீட்டில் இருந்த ஒரே சாய்வு நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டதால் மாஸ்டரின் மனைவி வைத்த பெயர் அது. காப்பகத்தார் நாயைக் கொடுத்துவிட்டுப் பதினைந்து நாள் பொறுத்துப் பார்ப்பார்கள். எங்கே படுக்கிறது, வெளிச்சம் எப்படி, சத்தம் எப்படி, எவ்வளவு நேரம் தூங்குகிறது என்று வீட்டுக்காரர் தினமும் குறித்து வைக்க வேண்டும். தூங்காத நாய் நிம்மதியில்லாத நாய், அதை அந்த வீட்டில் விட்டுவைக்க மாட்டோம் என்று கையெழுத்து வாங்கும்போதே சொல்லிவிட்டார்கள்.

வேறு யாராவதாக இருந்தால் இஷ்டத்துக்கு எழுதித் தள்ளியிருப்பார்கள். மாஸ்டரோ இருபது வருடமாக அடுப்பின் சூட்டை மணிக்கு மணி குறித்து வைத்தவர். இல்லாததை எழுத அவருக்குக் கை வராது.

அவருக்கு வேலை ராத்திரியில், தூக்கம் பகலில். காலையில் வீடு திரும்பும்போது மனைவி ரயில் நிலையத்து டிக்கெட் கவுன்ட்டருக்குக் கிளம்பிப் போயிருப்பாள். இருபது வருடமாக ஆளில்லாத வீட்டைத்தான் திறந்தார். இப்போது கதவுக்குப் பின்னால் ஒரு ஜீவன் வாலால் சுவரை அடித்துக்கொண்டு காத்திருந்தது. அதற்காகவே கடைசித் தட்டு ரொட்டி வெளியே வந்ததும் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். அது இல்லாமல் இனி அந்தக் கதவைத் திறக்க முடியாது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

முதலில் வெளிச்சத்தின் மேல் பழி விழுந்தது. ஜன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டினார். எதிர்ப்பக்கம் இருந்த சைக்கிள் கடைக்காரரிடம் போய், மதியம் வரைக்கும் சுத்தியலை எடுக்க வேண்டாம், வீட்டில் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்று கெஞ்சினார். யாருக்கு என்று கேட்டதற்கு நாய்க்கு என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்தார். அன்று வீடு கும்மிருட்டாக, பொட்டுச் சத்தம் இல்லாமல் இருந்தது. மாஸ்டர் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார்.

துரை அவரை ஒன்பது தடவை எழுப்பியது.

சாயங்காலம் மனைவியிடம் தாளைக் காட்டிப் புலம்பினார். அவள் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னங்க இது, ராத்திரி என் ரூம்ல கட்டை மாதிரி தூங்குதே" என்றாள்.

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உன்கிட்ட தூங்குதா?"

"குறட்டையே விடுது. உங்க அளவுக்கு இல்ல."

அன்று மாவு பிசையும்போதெல்லாம் அதே நினைப்பு. அவளிடம் தூங்குகிறது, தன்னிடம் தூங்கவில்லை. அப்படியென்றால் குற்றம் வெளிச்சத்தில் இல்லை, தன் அறையில் இருக்கிறது. படுக்கை சரியில்லை போல என்று முடிவு கட்டினார். மறுநாள் தன் மெத்தையைத் துரைக்குக் கொடுத்துவிட்டு, தலையணைகூட இல்லாமல் வெறும் தரையில் மல்லாந்து படுத்தார். கண்ணயர்ந்த பத்தாவது நிமிடம் மெத்தையிலிருந்து குதித்த துரை அவர் நெஞ்சின் மேல் ஏறி நின்றது. அன்றைக்குப் பதினான்கு தடவை.

அடுத்த நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு துரையைக் கூடத்தில் விட்டுக் கதவைத் தாழிட்டார். தனியாக இருந்தாலாவது தூங்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். கண் விழித்தபோது கதவின் கீழ்ப்பகுதியில் முழங்கை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓட்டைக்கு அந்தப்பக்கம் துரையின் மூக்கு. வாசலில் மாடி வீட்டு டீச்சரம்மா, கையில் விடைத்தாள் கட்டோடு, கண்கள் சிவந்து நின்றார். ஒரு மணி நேரமாகக் கதவைத் தட்டுவதாகவும், நாய் ஊளையிட்ட ஊளையில் உள்ளே யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்ததாகவும் சொன்னார்.  ஒரு மணி நேரத்தில் அந்தத் தட்டல் ஒன்றுகூட மாஸ்டர் காதில் விழவில்லை.

விஷயம் காப்பகத்துக்குப் போய்விட்டது. பன்னிரண்டாம் நாள் அங்கிருந்து ஒரு சின்ன கேமரா வந்தது. கட்டிலுக்கு எதிரே மாட்டச் சொன்னார்கள்.

கேமராவை மாட்டிய கையோடு மாஸ்டர் கிளம்பினார். மருந்துக்கடைக்குப் போய் நாய்க்குத் தூக்கம் வர ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கடைக்காரர் அதெல்லாம் தர முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டு, நீங்கள் புரண்டு புரண்டு படுப்பதால்தான் அது முழித்துக்கொள்கிறது, முதலில் நீங்கள் அசையாமல் தூங்குங்கள் என்று சளிக்குக் கொடுக்கிற மாத்திரை ஒன்றை நீட்டினார். அதைப் போட்டால் ஆள் ஆடாமல் அசையாமல் கிடப்பாராம்.

கிடந்தார். விழித்தபோது பனியன் நெஞ்சுவரை கிழிந்திருந்தது. முகமெல்லாம் ஈரம். துரையின் தண்ணீர்க் கிண்ணம் தலைமாட்டில் கவிழ்ந்து கிடந்தது. துரை அவர் கழுத்தருகே நின்று மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. தன்னை இவ்வளவு வெறுக்கிறதா இந்த நாய் என்று மாஸ்டர் ஆடிப்போனார். வழக்கமான தலைவலியோடு எழுந்து தாளைத் தேடி எடுத்து, 'தூக்கம், பூஜ்யம்' என்று எழுதினார். எழுதி முடித்ததும் அழுதுவிட்டார்.

பதினைந்தாம் நாள் காப்பகத்து அதிகாரியம்மா வந்தார். கூடவே கூண்டைத் தூக்கிக்கொண்டு வண்டி டிரைவர். கூண்டைப் பார்த்ததுமே, லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்த மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதிகாரியம்மா மேஜையில் மடிக்கணினியைத் திறந்து பதிவை ஓடவிட்டார். மாஸ்டரின் குறட்டை கூடத்தை அதிர வைத்தது. அதிகாரியம்மா முகம் சுளித்து, முதல் வேலையாகச் சத்தத்தை அடைத்தார். பிறகு துரை எழுவதை மட்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். மாத்திரை போட்ட நாளுக்கு வந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டார்.

"சார், உங்க மேல தப்பு சொல்லல. ஆனா இந்தச் சூழ்நிலை இதுக்கு ஒத்து வரல. எண்ணின வரைக்குமே இருபத்தி ரெண்டு தடவை எந்திரிச்சிருக்கு. இப்படியே விட்டா இது நோயில விழுந்துடும்."

மாஸ்டர் எழுந்து நின்றார். ரூமை மாற்றுகிறேன், வீட்டையே மாற்றுகிறேன், பகல் வேலைக்கு மாறிக்கொள்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனார். அதிகாரியம்மா நாயைத் திருப்பிக் கொடுப்பதற்கான தாளை அவர் பக்கம் தள்ளினார்.

"மேடம், இது எங்கிட்ட இருக்கட்டும். நான் வேணும்னா வெளியில படுத்துக்கறேன்."

"அது நல்லா இருக்கணும்னு நினைச்சா கையெழுத்துப் போடுங்க சார்."

 துரை நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே இவ்வளவும். மாஸ்டர் பேனாவை எடுத்தார். துரை மேஜைக்கு அடியில் அவர் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது, கண்ணைத் திறந்துகொண்டு. மாஸ்டருக்குக் கையெழுத்தின் முதல் எழுத்தே மறந்துபோயிற்று.

 டிரைவர் கூண்டின் கதவைத் திறந்து வைத்துவிட்டு, இவ்வளவு நேரமும் அதிகாரியம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று ஓடிக்கொண்டிருந்த பதிவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் மேடம் என்று கேட்டுக்கொண்டு கையை நீட்டி, அடைத்திருந்த சத்தத்தைத் திறந்தார். பதிவைப் பின்னால் தள்ளி ஒரு தடவை கேட்டார். மறுபடி தள்ளி இன்னொரு தடவை கேட்டார். குறட்டை, குறட்டை, பிறகு ஒன்றுமில்லை, பிறகு துரை எழுந்தது. டிரைவரின் முகம் வெளிறிப்போனது.

மாஸ்டர் பேனாவோடு நிமிர்ந்து பார்த்தார். டிரைவர் குனிந்து கூண்டின் கதவைச் சாத்தினார்.

"மேடம், நாயை விட்டுட்டு இவரை வண்டியில ஏத்துங்க, இவருக்கு மூச்சு நிக்கிறப்பல்லாம்தான் அது எந்திரிச்சிருக்கு."