கயிற்றுச் சாமியாரும் பேய் ஏறிய சேலைகளும்

பிரிக்பீல்ட்ஸில் 1944-ஆம் ஆண்டு அரிசிக்குக்கூட அவ்வளவு பெரிய வரிசை நின்றதில்லை. நின்றவர்கள் அத்தனை பேரும் பிள்ளை பெற்ற பெண்கள். ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. உள்ளே கயிற்றுச் சாமியார். பூர்வாசிரமத்தில் இவர் காப்பார் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் வேலை பார்த்த கன்னையா. ஜப்பான்காரன் வந்தான், ரப்பர் விலைபோகவில்லை, கன்னையாவுக்கு ஞானம் வந்துவிட்டது.

சாமியாரின் கண்டுபிடிப்பைக் கேளுங்கள். பிள்ளை பிறந்த பிறகும் வயிறு தொளதொளவென்று தொங்குகிறதா? பிள்ளை காலி செய்த இடத்தில் பேய் குடிவந்துவிட்டது! முடிச்சுப் போட்ட மஞ்சள் கயிற்றால் வயிற்றை அளப்பார். மந்திரம் சொல்வார். மறுபடி அளந்தால் இரண்டு முடிச்சு குறைந்திருக்கும். பேய் எங்கே போயிற்று? பக்தை கொண்டுவந்த சேலையில் ஏறிவிட்டது. ஆகவே சேலையை அங்கேயே விட்டுவிட வேண்டும். ஊரே சாக்கை உடுத்திக்கொண்டிருந்த காலம். பேய்க்கு மட்டும் கிழிசல் சேலை பிடிக்காதாம்!

தனலெட்சுமியிடம் நல்ல சேலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, கூறைச் சேலை. புருஷன் பக்கிரிசாமியைச் சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கைப்பிள்ளைக்கு மூன்று மாதம். மரவள்ளி நட்டால்தான் சாப்பாடு. மண்வெட்டியைத் தூக்கினாலோ வயிற்றின் நடுவில் மேடு எழும்பி, இடுப்பு விட்டுப்போகிறது. சேலையைக் கிள்ளான் சந்தையில் கொடுத்தால் இரண்டு மாத அரிசி. சாமியாரிடம் கொடுத்தால் வயிறு சரியாகுமாம். பாவம், பிரசவம் பார்த்த மருத்துவச்சி இராஜம்மாவிடம் ஓடினாள்.

"அக்கா, சேலையைக் குடுத்துரட்டா? பலம் வந்தா போதும்லா."

இராஜம்மா அவள் வயிற்றில் விரல் வைத்துப் பார்த்தாள். "பேயாவது பிசாசாவது! சதை ரெண்டு விரல் விலகி நிக்குது. பயிற்சி செஞ்சா சேரும். சேலையைப் பெட்டியில வச்சிட்டு நாளைக்கு என்கூட வா."

மறுநாள் நான்கு பெண்கள், கம்பளி போர்த்திய ஒரு நோயாளியைப் பலகையில் சுமந்து வந்தார்கள்.

"எழுந்திருக்க மாட்டா சாமி, பேசவும் மாட்டா," என்றாள் இராஜம்மா.

சாமியார் பெண்களை ஏறிட்டுப் பார்க்காத உத்தமர். போர்வைக்கு மேலேதான் அளப்பார். கயிற்றைச் சுற்றினார். "பத்து முடிச்சு!" தட்டிப் பார்த்தார். "அடேயப்பா! மரக்கட்டையா இறுகிக் கிடக்கே! கிழட்டுப் பேய் தாயி. ரெண்டு சேலை கேக்குது."

"தந்துடறோம் சாமி."

மந்திரம் முழங்கிற்று. மறுபடி கயிறு. "எட்டு முடிச்சு! ஓடிப்போச்சு பேய்!" கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

இராஜம்மா போர்வையை உருவினாள். உள்ளே நெல் குத்தும் மர உரல்!

"உரலுக்கு இது எத்தனையாவது பிரசவம் சாமி?"

சாமியார் வாசலைப் பார்த்தார். வாசல் நிறையப் பெண்கள். தனலெட்சுமி கயிற்றைப் பிடுங்கி இழுத்தாள், நீண்டது. விட்டாள், சுருங்கியது. மஞ்சள் நூலைப் பிரித்தால் உள்ளே ரப்பர்! தளர்த்திச் சுற்றினால் பத்து, இழுத்துச் சுற்றினால் எட்டு. ரப்பர் பால் வெட்டியே வயிறு வளர்த்த சனம், ரப்பரிடமே ஏமாந்திருக்கிறது! பின்கட்டில் நாற்பது 'பேய்கள்' கிள்ளான் பாசாருக்குப் போக மடித்துக் கட்டித் தயாராக இருந்தன. பெண்கள் அவரவர் சேலையை எடுத்துக்கொண்டார்கள். எந்தப் பேயும் கடிக்கவில்லை.

அன்று மாலை இராஜம்மா தனலெட்சுமிக்குச் சொல்லிக்கொடுத்தாள். "மல்லாந்து படு. முழங்காலை மடக்கு. மூச்சை விட்டுக்கிட்டே வயித்தை உள்ளே இழு. காலையில பத்து, சாயங்காலம் பத்து."

"மந்திரம் ஒன்னும் வேணாமாக்கா?"

"ஒன்னு, ரெண்டு, மூணுன்னு எண்ணு. அது போதும்."

கூறைச் சேலை அரிசியாயிற்று. அந்த அரிசி தீருவதற்குள் மண்வெட்டி அவள் கைக்கு வந்துவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் ஓர் அம்மாள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "ஏன் தம்பி, அந்த உரலுக்கு நெசமாவே பேய் புடிச்சிருக்குமோ?"

தாய்மார்களே, அவர்களைக் கூட்டிவந்து வரிசையில் நிறுத்திய ஐயாமார்களே! வயிற்றுக்கு நாளைக்கு இருபது தடவை பயிற்சி கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மூளைக்கும் ஒரு தடவையாவது கொடுங்கள்.