ஒரு எலும்புத் துண்டும் ஐந்து நிமிஷ ஆசாமியும்

உலகத்தில் குறை கேட்பவர்கள் பல வகை. கேட்டுவிட்டு ‘உச்’ கொட்டுபவர் உண்டு. கேட்காத மாதிரி இருப்பவர் உண்டு. தன் குறையைப் பதிலுக்குச் சொல்பவரும் உண்டு. இவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் குறை காதில் விழுந்த மறுகணமே ஸ்குரூ டிரைவரோடு வந்து நிற்கும் ஓர் இனம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வேண்டும். ‘அஞ்சு நிமிஷ வேலை’ என்று ஆரம்பிப்பார் பாருங்கள், அவரேதான். உங்கள் வீட்டில் இல்லையென்றால் எதிர் வீட்டில் இருப்பார். எனக்கு எதிர் வீட்டில்.

இவர் பக்கத்தில் இருக்கும்போது எந்தப் பொருளைப் பற்றியும் வாயைத் திறக்கக் கூடாது. கதவு லேசாகக் கிறீச்சிடுகிறது என்று நீங்கள் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தால், வாக்கியம் முடிவதற்குள் கதவு கழன்று சுவரில் சாய்ந்திருக்கும். முதலில் குனிவார். விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். உதட்டைப் பிதுக்கி, “இத யாரு போட்டது?” என்பார். யார் போட்டிருந்தாலும் தப்பாகத்தான் போட்டிருப்பார்கள். பிறகு வீடியோ பார்ப்பார். அதையும் பாதிவரைதான் பார்ப்பார். ‘ஆனால் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை’ என்பது மீதிப் பாதியில் வருகிறது என்றால் அது அவர் குற்றமா?

அவர் கைபட்ட அழைப்பு மணி இப்போது ஃபிரிட்ஜைத் திறந்தால்தான் அடிக்கிறது. குளியலறைக் குழாயை மூட, திறக்கிற பக்கமாகத் திருக வேண்டும். வருகிற விருந்தாளிகளை அவர் மனைவி வாசலிலேயே நிறுத்தி இதையெல்லாம் விளக்கிவிட்டுத்தான் உள்ளே விடுவார். தங்கமான பெண்மணி. அந்த வீட்டில் அவர் கைக்குத் தப்பியது சாப்பாட்டு மேசை ஒன்றுதான். அது வாங்கிய நாளிலிருந்து ஆடுகிறது. இடது முழங்கையால் மேசையை அமுக்கிக்கொண்டு வலது கையால் சாப்பிடுவது அங்கே எல்லாருக்கும் பழக்கம். டம்ளரில் யாரும் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றுவதில்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஒரு காலை அவருடைய மச்சினி கிடாரும் கையுமாக வந்து சேர்ந்தாள். அன்று மத்தியானம் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சர் வேலைக்கு அவளுக்கு இன்டர்வியூ. வீடு வீடாகப் போய்ப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து அலுத்துப்போனவள், இந்த வேலையைத்தான் ரொம்ப நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து உட்கார்ந்தாள், சுருதி சேர்த்தாள், நன்றாகத்தான் வாசித்தாள். வாசித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பொய்யா? தந்தி கொஞ்சம் உயரமாக இருப்பதால் விரல் வலிக்கிறது, ஆனாலும் பழகிவிட்டது என்று அக்காவிடம் சொன்னாள். சொல்லிவிட்டு இரண்டு பேரும் இன்டர்வியூவுக்குப் புதுச் செருப்பு வாங்கக் கடைக்குப் போய்விட்டார்கள்.

‘பழகிவிட்டது’ என்பது இந்த இனத்தின் காதில் ஏறாத வார்த்தை.

அடுத்த நிமிஷம் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. டார்ச் பிடிக்க ஆள் வேண்டுமாம். பட்டப்பகல்; ஜன்னல் முழுக்க வெயில். இருந்தாலும் இவர்களுக்கு டார்ச் பிடிக்க ஒருவர் வேண்டும், பின்னால் பழி போட வசதியாக இருக்கும். போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கிடாரின் வயிற்றில் தந்திகள் முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால், மரத்தில் ஒரு பள்ளம் வெட்டி, சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் துண்டைக் குத்திட்டு நிறுத்தியிருப்பார்கள். எலும்பில் செய்தது. தந்திகளெல்லாம் அதன்மேல் ஏறித்தான் இறங்க வேண்டும். சேடில் என்று பெயர். அந்தத் துண்டு உயர்ந்தால் தந்தி உயரும், தாழ்ந்தால் தாழும். போன மாதம் மச்சினி இதே குறையைச் சொன்னபோதே நம்மவர் கடையில் புதுசு ஒன்று வாங்கி, பெட்டியில் ஒளித்துவைத்து, கொக்கு மாதிரி காத்திருந்திருக்கிறார்.

தந்திகளைத் தளர்த்தினார். பழைய துண்டை இடுக்கியால் பிடுங்கினார். இனி இது யாருக்கு வேண்டும் என்று சொல்லி, அதை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்குள் போனார்; வெறுங்கையோடும், எதையோ சாதித்த முகத்தோடும் திரும்பி வந்தார். பிறகு உப்புத்தாளைத் தரையில் விரித்து, புதுத் துண்டின் அடிப்பக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினார். தேய்த்தார், பொருத்தினார், ஒற்றைக் கண்ணால் பார்த்தார். தடித்த தந்திப் பக்கம் உயரமாம். அந்தப் பக்கம் தேய்த்தார். இப்போது மெல்லிய தந்திப் பக்கம் உயரமாம். இந்தப் பக்கம் தேய்த்தார். பூனைகளுக்குப் பங்கு பிரித்த குரங்கைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன், டார்ச்சும் பிடித்தேன். போதும் என்று நான் இரண்டு தடவை சொன்னதற்கு, வெளிச்சத்தை ஆட்டாமல் பிடிக்கச் சொன்னார். அவர் தேய்த்து முடித்தபோது அந்த எலும்பு, நகம் வெட்டிப்போட்ட துணுக்கு அளவுக்கு வந்திருந்தது.

அதைப் பொருத்தித் தந்தியை முறுக்கும்போது சகோதரிகள் திரும்பி வந்துவிட்டார்கள். மச்சினி கிடாரை வாங்கி ஒரு தந்தியை மீட்டினாள். பாட்டிலுக்குள் மாட்டிய ஈ மாதிரி ‘ஸ்ர்ர்ர்’ என்றது. தந்திகளெல்லாம் கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் கம்பிக் கட்டைகளின்மேல் படுத்துக் கிடந்தன. அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்த்து நான் டார்ச்சை அணைத்தேன்.

“அத்தான், என்ன பண்ணீங்க?”

“சேடில் மாத்தினேம்மா. ரெண்டு நாள் வாசி, தானா செட் ஆயிடும்.”

“இன்டர்வியூ இன்னிக்கு மத்தியானம் அத்தான்.”

இவர் டார்ச்சைப் பார்த்தார். டார்ச் என் கையில் இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்புறம் ஆரம்பமானது முட்டுக் கொடுக்கும் படலம். துணுக்குக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டை மடித்து வைத்தார். ஈ குரலை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். தீக்குச்சி வைத்தார். பல்குத்தும் குச்சி வைத்தார். இரண்டையும் சேர்த்து வைத்து முறுக்கியதில் துணுக்கு எகிறி என் மூக்குக் கண்ணாடியில் பட்டு விழுந்தது. கடைக்கு ஓடிப் புதுசு வாங்க நேரமில்லை. மச்சினியின் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. பழையது எங்கே என்று கேட்டாள். எங்கோ பத்திரமாக வைத்தேன் என்றார். எங்கே என்றாள். பத்திரமாக என்றார். செய்து முடித்த வேலை இவர்களுக்கு ஞாபகத்தில் தங்குவதில்லை. மனசு அடுத்த வேலைக்குப் போய்விடும். சோபாவைக் கவிழ்த்தோம், குப்பைக் கூடையைக் கொட்டினோம், அவர் சட்டைப் பையையும் சோதித்தோம். இல்லை.

அழுகிற தங்கைக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று தெரியாமல், அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார். கவனம் எங்கோ இருந்ததால் விளிம்புவரை ஊற்றிவிட்டார். மேசையில் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ஏங்க. மேசை ஆடல.”

வீடே அந்த டம்ளரைப் பார்த்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சிந்தவில்லை. மறுகணம் மச்சினி புதுச் செருப்போடு மேசைக்கு அடியில் பாய்ந்தாள். நானும் அக்காவும் மேசையைத் தூக்கினோம். குட்டைக் காலுக்கு அடியில் படுத்துக் கிடந்தது அந்த வெள்ளைத் துண்டு, கீறல்கூட விழாமல். “ஆங், அங்கதான் வெச்சேன்” என்று சொல்லிக்கொண்டே இடுக்கியோடு வந்தவரை, மனைவி பால்கனியில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். மச்சினி தன் கையாலேயே துண்டைப் பள்ளத்தில் பொருத்தி, தந்தியை முறுக்கி, சுருதி சேர்த்தாள். அந்த வீட்டில் நிஜமாகவே ஐந்து நிமிஷத்தில் முடிந்த முதல் வேலை அது.

மச்சினிக்கு வேலை கிடைத்துவிட்டது. எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை. காலையில் மேசைக்கு அடியில் வைத்துப் பாரம் ஏற்றியதால்தான் எலும்பு இறுகி நாதம் கூடிவிட்டதாம். இது வீடியோவின் மறுபாதியில் இருக்குமாம்.

மேசை பழையபடி ஆடத் தொடங்கிவிட்டது. தேய்த்த துணுக்கை அடியில் வைத்துப் பார்த்திருக்கிறார், எட்டவில்லை. இன்று காலை என் கதவு தட்டப்பட்டது. கையில் ரம்பம்.

“நாலு காலையும் ஒரே மட்டமா அறுத்துட்டா போச்சு. அஞ்சு நிமிஷ வேலை. டார்ச்ச எடுத்துட்டு வாங்க.”

நான் போகவில்லை. எதிர் வீட்டில் அறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவர்கள் இன்று தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கும்.

அது போகட்டும், உங்களிடம் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். மேசை ஆடுகிறது என்று நான் முதலில் சொன்னேனே, அப்போதே ‘இதற்கு எதற்கு இவ்வளவு கூத்து, குட்டைக் காலுக்கு ஒரு ரப்பர் துண்டு ஒட்டினால் தீர்ந்தது’ என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியதென்றால், உங்கள் வீட்டார் சார்பில் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கையில் இருக்கும் இந்தப் புத்தகத்தின் முதுகில் பசை லேசாக விட்டிருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும்.