மணலைப் பெருக்கிய பாவம்

ரோரோஸ்,
பிப்ரவரி, பனி நிற்காத ஒரு வியாழன்

அன்புள்ள தங்கை போர்கில்டுக்கு,

அண்ணன் ஒட்முண்ட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அடுப்பும் நலம். பெர்கன் மழையில் நீயும் உன் குடையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, மனசு சரியில்லை. பக்கத்து வீட்டு தோருன் அம்மாளின் காலை உடைத்துவிட்டேன்.

பதறாதே, கை ஓங்கவில்லை. எல்லாம் நீ கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய துப்பறியும் நாவல் பெட்டியால் வந்த வினை. ஜனவரி முழுக்கப் பனி கொட்டு கொட்டென்று கொட்ட, சன்னலோரம் போர்வைக்குள் உட்கார்ந்து கொலைமேல் கொலையாகப் படித்தேன். அப்போதுதான் கவனித்தேன், காலையில் எழுந்தால் என் வாசற்படிப் பனியை யாரோ தள்ளி வைத்திருக்கிறார்கள். வேறு ஊர்க்காரனாக இருந்தால் பக்கத்து வீட்டைத் தட்டிக் கேட்டிருப்பான். நாம் கேட்போமா? அழைக்காத வீட்டுக் கதவைத் தட்டுவதைவிடப் பனியில் புதைந்து சாவது மேல் என்று வளர்ந்தவர்களாயிற்றே! இத்தனை வருடத்தில் நானும் தோருனும் பேசியதெல்லாம் "இன்னிக்குக் குளிர்", "ஆமா, குளிர்". அவ்வளவுதான். அதனால் துப்பறியக் கிளம்பினேன். வழுக்காமலிருக்கப் படியில் தூவிய மணலையெல்லாம் சுத்தமாகப் பெருக்கித் தள்ளினேன், புதுப் பனியில் காலடித் தடம் பளிச்சென்று விழட்டும் என்று. மறுநாள் ஞாயிறு, பேப்பரும் வராத நாள். தடம் விழவில்லை, தோருன்தான் விழுந்தார்.

முழங்காலுக்குக் கீழே முறிவு. உதவ வந்த புண்ணியவதியை உருட்டிவிட்ட பாவி நான். அன்றிலிருந்து அவர் வாசல் பனியையும் நான்தான் தள்ளுகிறேன், தினமும் மீன் சூப் கொண்டுபோகிறேன். படுத்தே கிடக்கிறாரே என்று நாவல் பெட்டியையும் கொடுத்தேன், புத்தி கெட்டவன்! பாதிப் புத்தகத்திலேயே கொலைகாரனைப் பிடித்துவிடுகிறார். நேற்று கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "ஏன் ஒட்முண்ட், உங்க படியில மட்டும் மணலே இல்லையே?" என்றார்.

"காத்து அடிச்சிருக்கும்."

"ஆமாமா, உங்க வீட்டுப் படிய மட்டும் பாத்து அடிச்சுதாக்கும்" என்று சூப்பைக் குடித்தார்.

அந்தக் கேள்வி மீன்முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அந்தக் கதவு எனக்கு மூடிவிடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் போர்கில்ட், இந்தச் சில வாரங்களாகத்தான் எனக்குச் சாயங்காலம் என்று ஒன்று இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். தயவுசெய்து இனி நாவல் அனுப்பாதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்களாவது படியில் மணல் தூவி வாழட்டும்.

உன் பாவப்பட்ட அண்ணன்,
ஒட்முண்ட்

பி.கு.: உறையை ஒட்டுமுன் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். "நானா? உங்க பனிய நான் எதுக்குத் தள்ளணும்?" என்றார் தோருன். "பேப்பர் போடுறவ தான் தள்ளுறா. தள்ளி, அத்தனையையும் என் கேட்டு முன்னால குவிச்சிட்டுப் போயிடறா. நீங்கதான் குவிக்கிறீங்கன்னு நெனச்சு நாலு வார்த்தை கேக்க வந்தேன், விழுந்தேன்."

"இத அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா சூப்போட வந்திருப்பீங்களா?"

அடுத்த மாதம் அவர் காலின் மாவுக்கட்டைப் பிரித்துவிடுவார்கள். அப்புறம் அந்தக் கதவைத் தட்ட ஏதாவது ஒரு சாக்கு எழுது, உனக்குப் புண்ணியமாய்ப் போகும்.