தலைமுடி பார்த்து இதயம் அறிந்த அலுவலகம்

ஊழியர்களின் இதயத்தைப் பாதுகாப்பது என்று தலைமை அலுவலகம் ஒருநாள் தீர்மானித்தது. சோதனைக் கருவி வாங்க வழியில்லை. நல்லவேளையாக மேலதிகாரி பத்திரிகையில் ஒரு கட்டுரை படித்திருந்தார். உச்சியில் வழுக்கை விழுந்தவர்களுக்கு இதயநோய் சற்று அதிகமாகக் காணப்படுகிறதாம். மீதியைப் படிப்பதற்குள் டீ வந்துவிட்டது.

உடனே உத்தரவு பிறந்தது. "வழுக்கையுடையோர் இதயநோயாளிகளாகக் கருதப்பட்டு, லிஃப்ட்டும் ஆஸ்பத்திரிச் சோதனையும் பெறுவர். முடியுடையோர் பூரண நலமுடையோராகக் கருதப்பட்டு, படியேறுவர்."

கஷ்டகாலம், தபால் பிரிவில் எல்லோரும் 'சுருட்டை' என்று கூப்பிடும் ஊழியருக்கு நிஜமாகவே நெஞ்சை அடைத்தது. தலையிலோ சீப்பை விட்டால் சீப்புதான் உடையும். தபால் மூட்டையோடு நான்காம் மாடி ஏறுவதற்குள் வழியெல்லாம் உட்கார்ந்து எழுந்தார். தினமும் விடிகாலையில் ஊரைச் சுற்றி ஓடிவிட்டு வரும் கணக்குப்பிரிவு வழுக்கையர், லிஃப்ட்டுக்குள்ளிருந்து கைகாட்டினார்.

"இவ்வளவு முடியை வச்சுக்கிட்டு நெஞ்சுவலியா? நடிக்காதேப்பா!"

சுருட்டை மேலதிகாரியிடம் போய் நின்றார்.

"ஐயா, இடது கையெல்லாம் இழுக்குது. சோதனைக்கு அனுப்புங்க."

மேலதிகாரி எழுந்துவந்து, அவர் தலைக்குள் விரலை விட்டுத் துழாவினார். நாலு முடியைப் பிடித்து இழுத்தும் பார்த்தார்.

"அருமையான இதயம்! போய் வேலையைப் பாருங்க."

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மனைவி ரேசரோடு வந்தாள்.

"இதுக்குத்தானா இப்படி முழிக்கிறீங்க? உட்காருங்க கீழே."

"ஐயோ, பக்கத்து வீட்டில சிரிப்பாங்களே!"

"சிரிக்கட்டும். அதைக் கேக்க நீங்க உசிரோட இருந்தா எனக்குப் போதும். தலையை ஆட்டாதீங்க."

உச்சியில் சாப்பாட்டுத் தட்டளவு வழித்துவிட்டாள்.

மறுநாள் மேலதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நேத்து காடா இருந்ததே?"

"மொத்தமா கொட்டிடுச்சுங்கய்யா."

"அடடா! இதயம் அவ்வளவு வேகமா கெட்டிருக்கே!" என்று பதறி, லிஃப்ட்டில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

இதய ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு. டாக்டர் அதைச் சரிசெய்துவிட்டு மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"ரத்தக்கொதிப்பு, கொழுப்பு, போதாக்குறைக்கு சிகரெட்! இதையெல்லாம் கவனிக்காம இத்தனை நாள் என்னம்மா பார்த்தீங்க?"

"தலையைத்தான் டாக்டர்."

செய்தி கேட்டு மேலதிகாரி மேசையைத் தட்டினார். "பார்த்தீங்களா! முடி இருந்தவரைக்கும் மனுஷன் கல்லு மாதிரி இருந்தார். கொட்டின மறுநாளே அடைப்பு!"

அலுவலகமே கைதட்டியது. நோயை வேரோடு களைய இரண்டாம் உத்தரவு வந்தது. வழுக்கையர் அனைவருக்கும் அலுவலகச் செலவில் டோப்பா.

ஓய்வு முடிந்து சுருட்டை திரும்பினார். கனத்த வேலை கூடாது என்ற டாக்டர் சீட்டை நீட்டினார். மேலதிகாரி அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவர் தலையில் ஒரு டோப்பாவைக் கவிழ்த்து, தடவிப் பார்த்தார்.

"பூரண குணம்!" என்று மூட்டையையும் படியையும் காட்டினார்.

படியெங்கும் ஒரே கூட்டம். யாருக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கிறது என்பதே பேச்சு. கணக்குப்பிரிவுக்காரர் கைக்கண்ணாடி பார்த்து வகிடு எடுத்துக்கொண்டிருந்தார். கடைசிப் படிக்கட்டில் சுருட்டை மூட்டையை நழுவவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

பார்த்தவர்கள் பதறிப்போய் ஓடிவந்தார்கள்.

"பிடிங்கப்பா, பிடிங்க! டோப்பா விழப்போகுது!"