ஈரச் செருப்பு விஷயமாக ஒரு திருத்தம்

ஷியோமே நாளிதழின் தொலைக்காட்சிப் பக்கத்தில் 'பார்த்தவர் சொல்' பகுதியைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர் அவர்களுக்கு,

பணிவான வணக்கம். மழை பிடித்துக்கொண்ட இந்நாட்களில் தங்கள் அலுவலகத்தில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இந்த வரியைச் சரியான பக்கத்திலிருந்துதான் எடுத்திருக்கிறேன். போன கடிதத்தில், மே மாதக் கடைசியில், 'கூரை வரை பனி ஏறியிருக்கும் இந்நாளில் தாங்கள் வழுக்கி விழாதிருக்க வேண்டுகிறேன்' என்று எழுதியிருந்தேன். எங்கள் வீட்டுக் கடித வழிகாட்டி நூலில் மாதத்துக்கு ஒரு வணக்கம் உண்டு. மூக்குக் கண்ணாடி போடாமல் பன்னிரண்டாம் மாதத்தைப் பார்த்து எழுதிவிட்டேன். தங்கள் அலுவலகத்து வகுதா அம்மையார் போன் செய்து, "ஐயா, இது போன வருஷம் எழுதினதுங்களா?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. "இல்லீங்க, எங்க பக்கம் குளிர் கொஞ்சம் அதிகம்" என்று சமாளித்தேன். அந்த அம்மையார் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு போனிலேயே கேட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். 'கொலைகாரனை மாற்றலாமா?' என்ற என் கடிதம் வரும் ஞாயிற்றுக்கிழமை வெளிவரும் என்று அந்த அம்மையார் செவ்வாயன்று சொன்னார். தயவு செய்து அதைப் போடாதீர்கள். காரணத்தை முழுதாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். எனக்கே நேற்றுதான் புரிந்தது, அதுவும் பாதிதான்.

நான் முப்பத்தோரு வருடம் இந்தக் கடலோரத் தடத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். இப்போது பாலர் பள்ளி வண்டி ஓட்டுகிறேன். படிப்பு அதிகமில்லை. பிற்பகலில் மறு ஒளிபரப்பாகும் துப்பறியும் படங்களைத்தான் பார்ப்பேன். அதிலும் பாதியில் தூங்கி, கொலைகாரன் அழும்போது விழித்துக்கொள்கிறவன். என் ஒரே மகள் மிஹாரு தோக்கியோவில் தொலைக்காட்சியில் வேலை செய்கிறாள். என்ன வேலை என்று கேட்டால் முதல் வருடம் "படப்பிடிப்புல எல்லாருக்கும் சாப்பாட்டுப் பெட்டி குடுக்கறேன்" என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆகவே ஏழு வருடமாக அவள் சாப்பாட்டுப் பெட்டி கொடுத்துக்கொண்டிருப்பதாகவே நினைத்திருந்தேன். இந்த வசந்தத்தில் அவளே போன் செய்து, "அப்பா, மே மாசக் கடைசி சனிக்கிழமை எட்டு மணிக்கு 'ஏழாம் அறையின் ஈரச் செருப்பு' போடறாங்க, கண்டிப்பாப் பாருங்க" என்றாள். நல்ல சாப்பாடு கொடுத்திருப்பாள் போல என்று நினைத்தேன். ஆனால் படம் முடிந்ததும் அவளிடம் பேச ஏதாவது வேண்டுமே. எங்கள் பேச்சு வழக்கமாக "உடம்பு எப்படி", "இருக்கு", "அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பதோடு முடிந்துவிடும். அதனால் மூல நாவலைப் படித்து வைத்துக்கொள்வோம் என்று துணிந்தேன். அறுபத்து நான்கு வயதில் இப்படித் துணிந்திருக்கக் கூடாது.

ரயிலடிப் புத்தகக் கடை செனோ அந்த நாவலின் இரண்டு புத்தகங்களை எடுத்து, வழக்கம்போல இரண்டுக்கும் ஒரே மாதிரிக் காகித உறை மாட்டிக் கொடுத்தார். யார் என்ன படிக்கிறார்கள் என்று அடுத்தவருக்குத் தெரியக் கூடாது என்றுதான் அந்த உறை. எனக்கே தெரியாமல் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கைக்கு வந்ததை எடுத்தேன். உள்ளே முதல் பக்கத்தில் 'கீழ்' என்று ஒற்றைச் சொல் இருந்தது. கீழே பார்க்கச் சொல்கிறார்கள் என்று கீழே பார்த்தேன், பதிப்பகத்தின் பெயர் இருந்தது. அத்தியாயம் பத்தொன்பதில் தொடங்கியது. எங்கள் தடத்தில் பஸ் எண்களே நாற்பத்தொன்றில்தான் தொடங்கும், அதனால் அது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. முதல் அத்தியாயத்திலேயே எல்லோரும் யாரோ ஒரு சாக்கே மது ஆலை முதலாளிக்காக அழுதுகொண்டிருந்தார்கள். அவர் யார் என்று யாரும் சொல்லவில்லை. பெரிய எழுத்தாளர்கள் இப்படித்தான் எழுதுவார்கள் போல, நமக்குத்தான் புரியவில்லை என்று பள்ளி வாசலில் வண்டியை நிறுத்திக் காத்திருக்கும் நேரமெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். காவல் நிலையத்திலிருந்து மருந்துக்கடை இளைஞன் ஒருவனை விடுதலை செய்தார்கள், எதற்குப் பிடித்தார்கள் என்று தெரியவில்லை. கடைசியில் வெந்நீர் ஊற்று விடுதி நடத்தும் அம்மாள்தான் கொன்றாள் என்று முடிந்தது. சரி, அடுத்த புத்தகத்தைத் திறந்தேன். செத்த ஆலை முதலாளி உயிரோடு உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரட்டைப் பிறவியாக இருக்கும் என்று முடிவு செய்தேன். அவரும் ஏழாவது அறையில் செத்துப்போனார். கடைசிப் பக்கத்தில், கைவிலங்கோடு, அந்த மருந்துக்கடை இளைஞன். ஆசிரியர் அவர்களே, புத்தகத்தைச் சுற்றியிருந்த காகிதப் பட்டையில் 'கடைசிப் பக்கத்தில் எல்லாம் தலைகீழாகும்' என்று விளம்பரம் செய்திருந்தார்கள். ஆகிவிட்டதே. முதலில் விட்டார்கள், கடைசியில் பிடித்தார்கள். இதைவிட நியாயமான கதை உண்டா என்று மூடி வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை பக்கத்து வீட்டு ஒபாதா தம்பதியைக் கூப்பிட்டிருந்தோம். அரிசி முறுக்குப் பையைப் பிரிப்பதற்கு முன்பே, "மருந்துக்கடைக்காரன்தான்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு பாகம் படித்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"அப்புறம் நாங்க எதுக்கு ரெண்டு மணி நேரம் உக்காரணும்?" என்றார் ஒபாதா.

"எப்படிப் பிடிக்கறாங்கன்னு பாருங்க. அதுதான் கலை" என்றேன்.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து, இந்த மாதிரிப் படங்களின் வழக்கப்படி, கதையில் வரும் எல்லோரும் எங்கள் தடத்திலுள்ள மலைமுகட்டுக்குப் போனார்கள். கீழே அலை அடிக்கிறது, மழை தூறுகிறது, விடுதி அம்மாள் விளிம்பில் நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள். ஒபாதாவின் மனைவி முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டு, "ஹிராகுரா-சான், உங்க மருந்துக்கடைக்காரன் அந்த அம்மாவுக்குக் குடை பிடிச்சிட்டு நிக்கறானே" என்றார். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்குவதற்குள் போன் வந்துவிட்டது.

"அப்பா, பாத்தீங்களா? எப்படி இருந்துச்சு?"

"பாத்தேன். கொலைகாரனையே மாத்திட்டாங்கம்மா. எவன் எழுதினானோ, அவனுக்குப் படிக்கவே தெரியாது போல."

 "சரிப்பா. உடம்பைப் பாத்துக்குங்க" என்றாள். அம்மாவிடம் கொடு என்றுகூடக் கேட்கவில்லை. அதன் பிறகு இரண்டு வாரமாக அவளிடமிருந்து போன் இல்லை. வேலை அதிகம் போல என்று நினைத்துக்கொண்டேன். படம் பார்த்த மறுநாள் காலையிலேயே உட்கார்ந்து தங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். 'இந்தத் திரைக்கதையை எழுதியவர் மூலநூலின் பக்கங்களைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை' என்ற வரி அதில் இருக்கிறது. 'முப்பத்தோரு வருடம் அந்த முகட்டுக்குப் பஸ் ஓட்டியிருக்கிறேன், குற்றத்தை ஒப்புக்கொள்ள ஒரு பயணிகூட அங்கே ஏறியதில்லை' என்ற வரியும் இருக்கிறது. இரண்டாவது வரி உண்மை. அதை மட்டும் நான் திரும்பப் பெற விரும்பவில்லை.

நேற்று புதன்கிழமை செனோவின் கடைக்குப் போய், ஊர் முழுக்கச் சொல்லி முடித்த என் புகாரை அவரிடமும் சொன்னேன். அவர் என் இரண்டு புத்தகங்களையும் வாங்கி, உறைகளைக் கழற்றி, மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் 'மேல்', அதாவது முதல் பாகம். ஒன்றில் 'கீழ்', இரண்டாம் பாகம்.

"எதை முதல்ல படிச்சீங்க?"

தொட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாப்பது வருஷமாக் கடை வெச்சிருக்கேன், ஹிராகுரா-சான். செத்தவன் எந்திரிச்சு நூடுல்ஸ் சாப்பிடும்போதாவது ஒரு போன் போட்டிருக்கலாமில்லே?" பிறகு தொலைக்காட்சி வார இதழ் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். "பாருங்க, திரைக்கதை தொகாஷி ஹாருமி. இந்த அம்மா ஒரு நூல் பிசகாம எடுத்துக் குடுத்திருக்காங்க. மலைமுகட்டை மட்டும் சேத்திருக்காங்க. அது இல்லேன்னா டிவிக்காரங்க விடமாட்டாங்க."

தொகாஷி என்பது என் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர். நேரே வீட்டுக்கு வந்தேன். தொகிகோ முள்ளங்கி துருவிக்கொண்டிருந்தாள்.

"உங்க சொந்தத்துல ஹாருமின்னு யாராவது இருக்காங்களா? அவதான் அந்தப் படத்தை எழுதியிருக்கா."

துருவும் கை நிற்கவில்லை. "அந்தப் பேரைத் திருப்பிப் போட்டுப் பாருங்க."

"மிருஹா?"

"எழுத்து எழுத்தா இல்லீங்க. ரெண்டா வெட்டி இடம் மாத்துங்க. மேல் பாகம், கீழ் பாகம் மாதிரி." செனோ போன் செய்து முன்பே எல்லாம் சொல்லிவிட்டிருக்கிறார். இந்த ஊரில் செய்தி பஸ்ஸைவிட வேகம்.

வெட்டினேன். இடம் மாற்றினேன். நான் வைத்த பெயர்தான். முள்ளங்கித் துருவல் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"நீ ஏன் சொல்லலே?"

"நீங்களே கண்டுபிடிக்கணும்னு பொண்ணு ஆசைப்பட்டுச்சு. தினம் துப்பறியும் படம் பாக்கறவராச்சேன்னு நானும் நம்பித் தொலைச்சேன்."

"ஹிராகுரான்னே போட்டிருக்கலாமே."

அப்போதுதான் கை நின்றது. "கூட்டுறவு வங்கி வேலையை விட்டுட்டு அது கிளம்பின அன்னிக்கு என்ன சொன்னீங்க? 'போறதுன்னா போ, நம்ம பேரை மட்டும் அதுல இழுக்காதே'ன்னு. அது கேட்டுக்கிச்சு. நீங்க மறந்துட்டீங்க."

ஆசிரியர் அவர்களே, நான் நிஜமாகவே மறந்துவிட்டேன். சொன்னவனுக்கு மறந்துபோகும், கேட்டவள் ஏழு வருடம் கழித்தும் வேறு பெயரில் எழுதுவாள் என்று எந்த வழிகாட்டி நூலிலும் போட்டிருக்கவில்லை. இப்போது என் பயமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். மாதத்துக்கு இரண்டு முறை என் மனைவி அவளுக்குக் கருவாட்டுப் பொட்டலம் அனுப்புகிறாள். சுற்றுவது தங்கள் நாளிதழில்தான். மிஹாரு சிறு வயதிலிருந்தே மீனுக்கு முன் காகிதத்தைப் படிக்கிறவள், கசங்கிய இடத்தை நீவிவிட்டுப் படிப்பாள். "இந்தத் தடவை வேற பேப்பர்ல சுத்தேன்" என்றேன். "நாம வேற பேப்பர் வாங்கறதில்லையே" என்கிறாள் தொகிகோ. போனில் சொன்னது வாய் தவறியது என்று மழுப்பலாம். அச்சில் வந்ததை, கீழே அப்பன் பெயரும் வயதும் போட்டு வந்ததை, என்ன சொல்லி மழுப்புவது? அப்புறம் அவள் எனக்குப் போனே செய்யமாட்டாள்.

ஆகையால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடும்படி கெஞ்சிக் கேட்கிறேன். இடம் காலியாகிவிடும் என்று தாங்கள் கவலைப்பட வேண்டாம். காலை வானிலை சொல்லும் பெண் மிக அழகாகக் குனிந்து வணங்குகிறார் என்று நான்கு வரி தனியாக எழுதி இணைத்திருக்கிறேன். அதைப் போட்டுக்கொள்ளுங்கள். தபாலை நம்பினால் ஞாயிறு முந்திக்கொள்ளும், நாளைக் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன். மஞ்சள் வண்டி வாசலில் நின்றால் பயப்பட வேண்டாம்.

ஈரத்தில் வயிறு கெடும் காலம், தாங்களும் வகுதா அம்மையாரும் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நெற்றி பாயில் பட வணங்கி விடைபெறும்,

ஹிராகுரா தமோட்சு (64)

பின்குறிப்பு: மேலே எழுதிய எல்லாவற்றையும் ரத்து செய்யவும். கடிதத்தைப் போட்டுவிடுங்கள்.

உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது மிஹாருவே கூப்பிட்டாள். "பேப்பருக்கே எழுதிட்டீங்களாமே, அம்மா சொன்னாங்க" என்றாள். தப்பு என்னுடையது, போட வேண்டாம் என்று எழுதியாகிவிட்டது, காலையில் ஓடிப்போய்க் கொடுத்துவிடுகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். "ஏன், போடட்டும்பா. கோவம் எனக்கு ரெண்டு நாள்தான். அப்புறம் அடுத்த படத்தை எழுதிட்டிருந்தேன். ரெண்டு பாகமும் படிச்சுட்டுத் திட்டின ஒரே ஆளு நீங்கதான்" என்றாள். தலைகீழாகத்தானே படித்தேன் என்றேன். "தலைகீழா நின்னு படிச்சாலும் எனக்காகப் படிச்சீங்கல்ல?" என்றாள். ஆகவே போடுங்கள். இந்தப் பின்குறிப்பை மட்டும் போட வேண்டாம்.

ஏனென்றால் அவள் இன்னொன்றும் கேட்டாள். நாவலின் இரண்டு பாகத்திலும் இல்லாத, செனோவும் கவனிக்காத ஒரு பஸ் டிரைவரை அவள் படத்தில் சேர்த்திருக்கிறாள். ஊரைவிட்டுப் போகும் ஒரு பெண்ணுக்காக அவர் பாதி வழியில் வண்டியை நிறுத்தி, இறங்கி, முன்கண்ணாடியை நிதானமாகத் துடைப்பார். அந்தப் பெண் சன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "பாத்தீங்களாப்பா?" என்றாள். பார்த்தேன், டிரைவர் தொப்பியைக் கோணலாகப் போட்டிருக்கிறார் என்றேன். சிரித்துவிட்டு, "நான் கிளம்பின அன்னிக்கு நீங்களும் அங்கதான் நிறுத்தினீங்க. எனக்குக் கடைசியா ஒரு தடவை கடலைக் காட்டணும்னுதானே?" என்று கேட்டாள்.

"ம்" என்றேன்.

அன்று கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. அவள் பிடிக்க வேண்டிய ஒன்பது பன்னிரண்டு ரயில் போய்த் தொலையட்டும் என்றுதான் துடைத்துக்கொண்டிருந்தேன். காற்றினால் ரயிலும் தாமதம், அவள் அதைப் பிடித்துவிட்டாள். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.