டிக்கிக்கு நாலு பல் அடைப்பு

"அத்தான், கழட்டிட்டேன்!" என்று கார் நிற்கும் இடத்திலிருந்து மைத்துனன் கூவினான்.

பல் டாக்டர் ஓடி வந்து பார்த்தார். காரின் பின்னால் இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருந்த ஸ்பாய்லர் மைத்துனன் கையில் இருந்தது. அது இருந்த இடத்தில், டிக்கி மூடியில் நான்கு ஓட்டைகள் இருந்தன.

"ஓட்டையா? ஓட்டை போட்டா மாட்டினாங்க?"

"பின்ன, எச்சில் தொட்டா ஒட்டுவாங்க?"

அது லீஸுக்கு எடுத்த கார். மூன்று வருஷ ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது. பதினோரு மணிக்குக் கம்பெனிப் பரிசோதகர் வந்து பார்த்துவிட்டு வண்டியை எடுத்துப் போவார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் டாக்டரின் மனைவி. பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. கார் வந்த முதல் நாளே கணவரை உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருந்தார்.

"மூணு வருஷம் கழிச்சு வண்டி என்ன விலைக்குப் போகும்னு இப்பவே மீதி மதிப்பு போட்டுட்டாங்க. நடுவுல குறையற மதிப்புக்குத்தான் நாம மாசாமாசம் கட்டறோம். நீங்க பாட்டுக்கு எதையாவது மாட்டி வண்டியக் கெடுத்து, அந்த மதிப்பு இறங்கிச்சுன்னா நம்ம தலையிலதான் விடியும். ஒரு பைசா வெட்டு விழுந்தாலும் அடுத்த கார் கிடையாது. பஸ்ஸுதான்."

டாக்டர் பூம்பூம் மாடாகத் தலையாட்டினார். பத்தாவது நாள் ஸ்பாய்லர் மாட்டிக்கொண்டு வந்தார். லீஸ் கம்பெனிக்காரர்களே நடத்தும் கார் சாமான் கடை, போகிற வழியிலேயே இருந்தது. மனுஷன் என்ன செய்வார்? அடுத்து கூரை கேரியர். அப்புறம் கால் வைத்து ஏற இரண்டு படி. அப்புறம் மஞ்சள் விளக்கு.

ஒவ்வொரு முறையும் மனைவி கேட்டார், "இது என்னங்க புதுசா?"

"கம்பெனியே இலவசமா குடுக்கறாங்க. எல்லாருக்கும்."

"ஓஹோ," என்பார் மனைவி. அத்தோடு சரி.

கடைக்காரனும் தங்கமானவன். "பணம் அப்புறம் பாத்துக்கலாம் டாக்டர்" என்றே மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டான். பல் டாக்டரைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் தைரியம் வரும் என்று டாக்டர் எண்ணிக்கொண்டார்.

"இப்ப என்ன அத்தான் பண்றது? மணி ஒன்பதரை."

டாக்டர் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். அவருடைய முகம் மெல்ல மலர்ந்தது. இருபது வருஷமாக அவர் பார்த்துவரும் வேலை அது.

"டேய், இது வெறும் சொத்தைடா."

வீட்டின் முன்னறைதான் கிளினிக். அடைக்கும் பசை, நீல விளக்கு, பல் நிறம் பார்க்கும் அட்டை எல்லாம் வாசலுக்கு வந்தன. டாக்டர் கார் நிறத்தோடு அட்டையை ஒட்டிப் பிடித்துப் பார்த்து, இருப்பதிலேயே வெளுப்பான நிறத்தைத் தேர்ந்தெடுத்தார். நான்கு ஓட்டையையும் அடைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக்கினார். பழக்க தோஷத்தில், "ரெண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது," என்று டிக்கியிடம் சொல்லியும் விட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, அடைப்பு வழவழவென்று இருந்தது. ஆனால் வெயிலில் பார்த்தால், பால் வெள்ளைக் காரில் நான்கு மஞ்சள் புள்ளிகள்.

"தினம் பத்து டீ குடிக்கிறவன் பல்லு மாதிரி இருக்கு," என்றான் மைத்துனன்.

"வெளுத்துட்டாப் போச்சு!"

பல் வெளுக்கும் மருந்தைத் தடவினார்கள். புள்ளிகள் அசையவில்லை. சுற்றியிருந்த பெயின்ட் மட்டும் மங்கிப்போனது. மங்கலைப் போக்கப் பல் தேய்க்கும் குட்டி மெஷினை ஓட்டினார் டாக்டர். டிக்கி கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதன் பக்கத்தில் மீதி கார் பத்து வருஷம் பழையதாகத் தெரிந்தது.

"முழு வண்டியையும் தேச்சிடலாமா அத்தான்?"

மெஷினின் நுனி பட்டாணி அளவு. டாக்டர் மனக்கணக்குப் போட்டார். பதினோரு நாள் ஆகும்.

இதற்குள் மைத்துனன் கேரியரையும் கழற்றியிருந்தான். வெயில் படாத இடத்தில் இரண்டு பளீர் பட்டைகள். அதை மறைக்கக் கூரையில் தூசியைத் தூவினான். தூவியது மண் என்பதால் கீறலும் சேர்ந்தது. படிகளும் விளக்கும் போன இடத்தில் என்ன ஆயிற்று என்று பார்க்க டாக்டருக்கு மனம் வரவில்லை. கழற்றியதையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய்ச் சிகிச்சை நாற்காலிக்குப் பின்னால் திணித்துப் போர்வை போட்டு மூடினார்கள். நெஞ்சு படபடவென்று அடித்தாலும், பள்ளிக்கூடத்தில் சுவரேறிக் குதித்த நாளுக்குப் பிறகு இவ்வளவு குஷியாக டாக்டர் இருந்ததில்லை.

பதினொன்றுக்குப் பரிசோதகர் வந்தார். மனைவியும் வந்து வாசலில் நின்றார். பரிசோதகர் காரை ஒரு சுற்று சுற்றினார். டிக்கியருகே குனிந்து மூக்கை உறிஞ்சினார்.

"இங்க ஏதோ கிராம்பு வாசனை அடிக்குதே?"

"சார், இந்த வண்டியில நான் ஒண்ணுமே மாட்டல!" என்றார் டாக்டர், யாரும் கேட்காமலேயே.

மைத்துனன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அதான் டாக்டர் எனக்கும் புரியல," என்று பரிசோதகர் தாளைப் புரட்டினார். "ஸ்பாய்லர், கேரியர், படி, மஞ்சள் விளக்கு. நாலும் ஒப்பந்தத்துல ஏறியிருக்கே. அதையும் சேர்த்துத்தானே மீதி மதிப்பே போட்டிருக்கோம்? இப்ப அதெல்லாம் எங்க?"

டாக்டர் தாளை எட்டிப் பார்த்தார். "ஒப்பந்தத்துலயா? யாரு ஏத்தினது?"

மனைவி வாசல் மரத்தில் ஏதோ குருவியைத் தேட ஆரம்பித்தார். பரிசோதகர் டாக்டரின் காதருகே குனிந்தார்.

"மேடம்தான். நீங்க கடைக்குள்ள நுழையறப்பல்லாம் கடைக்காரர் அவங்களுக்குப் போன் போட்டுடுவார். அவங்களும், 'வாடகையில சேர்த்துக்குங்க, நான் கட்டிடறேன், ஆனா அவர்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க, எனக்குத் தெரியாம மாட்டறதுலதான் அவருக்குச் சந்தோஷமே'ன்னு சொல்லிடுவாங்க."