தானாகப் பிடிக்கும் பிரேக்

மூன்றாவது தடவையும் கார் பஸ் ஸ்டாப்புக்கு நேராகத்தான் நின்றது. கண்ணாடிக்கடைக்காரர் பிரேக்கைத் தொடவே இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெடல் தானாக உள்ளே போனது, வண்டி முக்கி முனகி நின்றது.

"ஏன் நிறுத்தினீங்க?" என்று பின்சீட்டிலிருந்து மனைவி கேட்டாள்.

"சும்மாதான். இஞ்சின் கொஞ்சம் மூச்சு விடட்டுமேன்னு."

இந்தப் பொய் முன்சீட்டில் இருந்த மாமனாருக்காகச் சொன்னது. மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி ஓடும்போது வாயைத் திறக்கமாட்டார். வண்டியை விட்டு எடுக்காத தன் பழைய தோல்பையைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டு சாலையையே பார்த்தபடி வருவார். கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையைப் பற்றி அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. திட்டியதும் இல்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவே கண்ணாடிக்கடைக்காரர் இந்தப் பழைய காரை வாங்கி, அவரை முழங்கால் பயிற்சிக்கு அழைத்துப் போய் வந்துகொண்டிருந்தார். அப்படிப்பட்டவரிடம் போய் வண்டி பழுது என்று ஒப்புக்கொள்ள முடியுமா?

"ரைட்," என்றார் மாமனார். வண்டி கிளம்பியது.

காரை விற்றவர் தங்கமான மனிதர். ஊரில் பாதிப்பேர் இந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவருக்கும் ஒரு கீறல்கூடப் பட்டதில்லை என்று சத்தியம் செய்தார். கூரையில் நாலு ஓட்டை இருந்தது, அதனால் என்ன, அடைத்துக்கொள்ளலாம். உள்ளே பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. மூக்குக்கண்ணாடி விற்றுப் பிழைக்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போறதுக்குள்ள இது சரியாகணும். இல்லேன்னா பழைய இரும்புக்குப் போட்டுட்டு பஸ்லயே போவோம்."

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே," என்று கெஞ்சினார் அவர்.

கடைக்குத் தனியாகப் போகும்போது வண்டி பரம சாது. மாமனாரை ஏற்றினால்தான் இந்தக் கூத்து. ஆகவே பாரம் தாங்கவில்லை, எண்ணெய் போதவில்லை என்று முடிவு கட்டினார். பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெய் குழாய் வழியாகப் போய் நாலு சக்கரத்தையும் பிடிக்கிறது என்பதை எங்கோ படித்திருந்தார். டப்பா நிறைய எண்ணெய் வாங்கி வந்து வழிய வழிய ஊற்றினார். வழிந்தது பெயின்ட் மேல் பட்டு, மறுநாள் முன்பக்கம் சொறி பிடித்ததுபோல உரிந்தது.

அடுத்த பயணத்திலும் அதே ஸ்டாப்பில் கார் நின்றது. இந்த முறை காய்கறிப் பையோடு ஓர் அம்மாள் ஓடிவந்து, ஆஸ்பத்திரி போகுமா என்று கேட்டாள். மாமனார் கையை நீட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டார். தான் நிறுத்தவில்லை என்று கண்ணாடிக்கடைக்காரர் எப்படிச் சொல்வார்? உபகாரத்துக்கு நிறுத்தியதாக முகத்தை வைத்துக்கொண்டார். அந்த அம்மாள் இறங்கும்போது, நாளை மறுநாளும் இதே நேரம்தானே என்று உறுதி செய்துகொண்டாள்.

கோளாறு எண்ணெயில் இல்லையென்றால், குழாயில் காற்று புகுந்திருக்க வேண்டும். மனைவியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, தான் சக்கரத்தோரம் படுத்தார். அவள் பெடலை மிதித்துப் பிடிக்கவேண்டும், இவர் திருகாணியைத் தளர்த்திக் காற்றை விட்டு மறுபடி இறுக்கவேண்டும். அதுவரை அவள் காலை எடுக்கக் கூடாது.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"விடாதே. நான் சொல்ற வரைக்கும் விடாதே."

"ஐயோ, அடுப்புல பால்," என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள். தளர்ந்திருந்த திருகாணி வழியாகக் குழாய் மடக்கு மடக்கென்று காற்றைக் குடித்தது. உள்ளே இருந்த கொஞ்சநஞ்சக் காற்றுக்குத் துணையாக ஒரு குடும்பமே குடிவந்துவிட்டது. பெடல் தலையணையாகிப் போனது.

மறுநாள் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினார். அவர் மிதிக்காமலே பெடல் நாலைந்து முறை குதித்தது. கார் ஸ்டாப்பைத் தாண்டித்தான் நின்றது, காய்கறி அம்மாளும் புதிதாகச் சேர்ந்த ஒரு வாட்ச்மேனும் மூச்சிரைக்க ஓடிவந்து ஏறினார்கள். மாமனார் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னைக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு," என்றார்.

பாவம், முழங்கால் வலி போலிருக்கிறது என்று மாப்பிள்ளைக்கு மனம் இளகியது.

சனிக்கிழமை வேறு வழியில்லாமல் மெக்கானிக்கிடம் சரணடைந்தார். மெக்கானிக் காற்றை எடுத்தார், பெடலுக்கு அடுத்த மாஸ்டர் சிலிண்டரையே புதிதாக மாற்றினார், தனியாக ஓட்டியும் பார்த்தார். பிரேக் வெண்ணெயாகப் பிடித்தது. ஆனாலும் கண்ணாடிக்கடைக்காரருக்கு உதறல் விடவில்லை. ஞாயிறன்று கூடவே வரும்படி கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். வழியில் இறங்க வேண்டிய நண்பர் என்று மாமனாரிடம் சொல்லிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கும் மனைவியும் பின்சீட்டில், மாமனார் வழக்கம்போல முன்சீட்டில். ஸ்டாப் வந்தது. பெடல் தானாக உள்ளே போனது. கார் கோடு போட்டதுபோல நின்றது. காய்கறி அம்மாள் கதவைத் திறந்து, கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி மெக்கானிக்கை நெருக்கினாள்.

"முடிஞ்சது. நாளைக்கே வித்துடுங்க," என்றாள் மனைவி.

கண்ணாடிக்கடைக்காரர் மாமனார் பக்கம் திரும்பினார். இனி மறைத்துப் பயனில்லை.

"என்னை மன்னிச்சிருங்க மாமா. உங்களை நல்ல வண்டியில கூட்டிட்டுப் போகணும்னு ஆசைப்பட்டேன். இது பிரேக் கெட்டுப்போன வண்டி."

"கெட்டுப்போன பிரேக் பிடிக்காதுண்ணே," என்றார் மெக்கானிக். "இது சும்மா நச்சுன்னு பிடிக்குது. யாரோ மிதிக்கிறாங்க."

அவர் இறங்கிவந்து முன்கதவைத் திறந்தார். பெரியவரிடம் சொல்லிவிட்டு அந்தத் தோல்பையை நகர்த்தினார். பைக்குப் பின்னால், மாமனாரின் செருப்புக்கு அடியில், இன்னொரு பிரேக் பெடல் இருந்தது.

"அண்ணே, இது டிரைவிங் ஸ்கூல் வண்டி. சொல்லிக் குடுக்கிறவர் மிதிக்கிறதுக்கு வெச்சது. இதை அமுக்கினா உங்க பெடலும் சேர்ந்து போகும்."

இரண்டு கண்ணாடியும், கூரையில் பலகை கழற்றிய நாலு ஓட்டையும், கீறல் படாத பாதி ஊரும் ஒன்றாக வந்து கண்ணாடிக்கடைக்காரரின் மண்டையில் இடித்தன. தன் காரில் தான் ஒரு நாளும் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"மாமா," என்றார் ஈனமான குரலில், "நீங்கதான் மிதிக்கிறீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மாமனார் பையைப் பழைய இடத்திலேயே வைத்தார். பின்சீட்டில் எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"இதுல சொல்ல என்ன இருக்கு மாப்பிள்ளை? ஓட்டுறது டிரைவர் வேலை, ஸ்டாப்ல நிறுத்துறது கண்டக்டர் வேலை. அதுக்குன்னு எனக்குத் தனியா ஒரு பெடலே வெச்சுக் குடுத்திருக்கீங்க, இவ்வளவு மரியாதை தெரிஞ்ச மாப்பிள்ளை யாருக்கு வாய்க்கும்னு முழங்கால் பயிற்சிக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தானே இருக்கேன்."